பூஞ்சைக்கு விஷம், சிறுநீரகத்துக்கும் விஷம்: வாசகர் கேள்வி-பதில்

பூஞ்சை மருந்துகளைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சொன்னதுதான் தாமதம், வந்தவற்றில் முக்கால்வாசி பாலியீன் மருந்துகளையே சுற்றிச் சுற்றி வந்தன. நிஸ்டாடின், ஆம்ஃபோடெரிசின் பி, நாடமைசின் மூன்றும் அந்தக் குடும்பம்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்தும் நீளமானவற்றைச் சுருக்கியும் பதில் எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் சிகிச்சையை மாற்றிக்கொள்ள வேண்டாம், அதற்கு உங்கள் மருத்துவர் இருக்கிறார்.

கேள்வி: என் மாமாவுக்குப் பூஞ்சையால் வந்த மூளைக்காய்ச்சல். ஆம்ஃபோடெரிசின் என்று ஒரு மஞ்சள் மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். ஏற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் உடம்பைத் தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல். நாள் தவறாமல் ரத்தம் எடுத்து கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்கிறார்கள். இது மருந்தா விஷமா?

பதில்: இரண்டும்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. 1950களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்த மருந்து. உயிரைக் குடிக்கிற பூஞ்சைத் தொற்றுகள் பலவற்றுக்கு இன்றைக்கும் மருத்துவர் முதலில் எடுப்பது இதைத்தான், அதே மருத்துவர்கள் இதற்கு 'ஆம்ஃபோ-டெரிபிள்' என்று பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். உங்கள் மாமாவுக்கு வந்த நடுக்கம் பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை. இந்த மருந்து நம் நோயெதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பி, கிருமி நுழைந்தால் அவை எதைச் சுரக்குமோ சைட்டோகைன் என்ற அதே எச்சரிக்கைப் பொருட்களைச் சுரக்க வைக்கிறது, உடம்பும் நம்பிக் காய்ச்சலை ஏற்றுகிறது. முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுப்பதும், மருந்தை மெதுவாக ஏற்றுவதும் இதற்காகத்தான். பலருக்குச் சில நாளில் தணிந்துவிடும்.

சிறுநீரகத்தின் கதை வேறு, அதுதான் கவலைப்பட வேண்டிய இடம். ஆம்ஃபோடெரிசின் அங்கே இரண்டு பக்கமிருந்தும் அடிக்கிறது: சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு நாளங்களைச் சுருக்குகிறது, போதாததற்கு நுண்குழல்களின் செல்சவ்வையும் நேரடியாகக் கெடுக்கிறது. குழல் கசிய ஆரம்பித்தால் பொட்டாசியமும் மக்னீசியமும் சிறுநீரோடு போய்விடும், பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கிரியாட்டினின் அளவு காட்டும், அதனால் தினசரி ரத்தப் பரிசோதனையை அலைக்கழிப்பு என்று நினைக்காதீர்கள். மருந்துக்கு முன்னால் சலைன் ஏற்றுவதும் சிறுநீரகத்தைக் காக்கத்தான், ஆனால் மருந்தைச் சலைனில் கலக்கவே கூடாது, கலந்தால் திரிந்து படிந்துவிடும், அதனால் குளுக்கோஸ் நீரில்தான் கலப்பார்கள்.

மஞ்சள் நிறம் எதனால் என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார், அதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஆம்ஃபோடெரிசின் மூலக்கூறு ஒரு பெரிய வளையம். அதன் ஒரு பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஏழு இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக நிற்கின்றன, அவை ஊதா-நீல ஒளியை விழுங்குவதால் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. பாலியீன் என்று இந்தக் குடும்பத்தைச் சொல்வதும் அந்த வரிசையை வைத்துத்தான்.

கேள்வி: பாக்டீரியாவுக்கு எத்தனையோ ஆன்டிபயாட்டிக் இருக்கும்போது பூஞ்சைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பஞ்சம்?

பதில்: பூஞ்சை நமக்குச் சொந்தக்காரன் என்பதால். பரிணாமக் கணக்கில் அது செடிகொடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருக்கம். நம் செல்லில் இருப்பதுபோலவே உட்கரு, நம்முடையதைப் போன்ற புரத உற்பத்தி எந்திரம், நம்முடையதைப் போன்ற சவ்வு. பாக்டீரியாவில் நம்மிடம் இல்லாத இலக்குகள் நிறைய, பூஞ்சையில் விரல்விட்டு எண்ணலாம். அந்தச் சொற்ப இலக்குகளில் ஒன்று எர்கோஸ்டிரால். நம் செல்சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையின் சவ்வில் இது இருக்கும். ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் போன்ற அசோல் மருந்துகள் எர்கோஸ்டிரால் தயாராவதையே தடுக்கின்றன, பாலியீன்கள் தயாரான எர்கோஸ்டிராலைப் பிடித்துக்கொள்கின்றன. எக்கினோகேண்டின் என்ற மூன்றாவது வகை பூஞ்சையின் செல்சுவரைத் தாக்குகிறது. ஆபத்தான தொற்றுகளுக்கு மருத்துவர் கையில் உள்ள பெரிய ஆயுதங்கள் இந்த மூன்றும்தான், கூட ஃப்ளூசைட்டோசின் மாதிரி ஓரிரண்டு.

சரி, கொலஸ்டிராலுக்கும் எர்கோஸ்டிராலுக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? இரண்டு இரட்டைப் பிணைப்பு, ஒரு மெத்தில் தொகுதி. அவ்வளவே. ஆம்ஃபோடெரிசின் எர்கோஸ்டிராலைத்தான் அதிகம் விரும்பும், ஆனால் கொலஸ்டிராலையும் விட்டுவைக்காது. மேலே மாமாவின் சிறுநீரகம் பட்ட பாட்டுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. எழுபது வருடப் பாலியீன் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த நூலிழை வித்தியாசத்தை அகலப்படுத்தும் முயற்சிதான்.

கேள்வி: இவற்றை மண்ணிலிருந்து எடுத்தார்களாமே? யார் கண்டுபிடித்தார்கள்? மண்ணில் இருக்கும் ஒரு நுண்ணுயிர் ஏன் இப்படி ஒன்றைத் தயாரிக்கிறது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் பார்ப்போம். இவற்றைத் தயாரிக்கும் ஸ்ட்ரெப்டோமைசெஸ் என்பது மண்ணில் வாழும் பாக்டீரியா. அக்கம்பக்கத்தில் அதே உணவுக்கு அடித்துக்கொள்ளும் பூஞ்சைகள் இருக்கின்றன, அவற்றை ஒடுக்க இது உதவும் என்பது பொதுவான கருத்து. தயாரிக்கிறவனுக்கே ஆபத்து இல்லையா என்றால், இல்லை. அதன் சவ்வில் எர்கோஸ்டிராலும் கிடையாது, கொலஸ்டிராலும் கிடையாது. சளி இருமலுக்கோ பாக்டீரியாத் தொற்றுக்கோ பாலியீன் எதுவும் செய்யாது என்பதற்கும் இதே காரணம்.

நிஸ்டாடினைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் எலிசபெத் லீ ஹேசன் நுண்ணுயிரியலாளர், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் வேதியியலாளர். ஹேசன் நியூயார்க் நகரத்தில், பிரவுன் ஆல்பனியில். பல இடங்களிலிருந்து மண் வரவழைத்து, அதிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையைக் கொல்கிறதா என்று ஹேசன் பார்ப்பார். தேறியதைத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதில் வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்து மறுபடியும் தபாலிலேயே திருப்பி அனுப்புவார், ஹேசன் விலங்குகளில் சோதிப்பார். பெரும்பாலானவை பூஞ்சையோடு சோதனை விலங்கையும் சேர்த்துக் கொன்றன. வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களுடைய பண்ணை மண்ணில் கிடைத்த ஒன்றுதான் தேறியது. 1950இல் அறிவித்தார்கள், 1954இல் நிஸ்டாடின் விற்பனைக்கு வந்தது. காப்புரிமை வருமானம் 1.3 கோடி டாலரைத் தாண்டியது, இருவரும் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை, அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். 1966இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது நனைந்த ஓவியங்களில் பூத்த பூஞ்சையை அழிக்கவும் நிஸ்டாடின் பயன்பட்டது. மருந்துக் கண்டுபிடிப்பு என்றால் பெரிய கம்பெனி, பெரிய கட்டடம் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தபால் கதையை நான் சொல்லாமல் விடுவதில்லை.

ஆம்ஃபோடெரிசின் 1950களின் நடுவில், வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசெஸ் நோடோசஸிலிருந்து கிடைத்தது, எடுத்தவர்கள் ஸ்குவிப் நிறுவன ஆய்வாளர்கள். நாடமைசின் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மண், 1955. ஐந்தாறு வருடத்துக்குள் மூன்றும் கையில் வந்துவிட்டன.

கேள்வி: மருந்தியல் படிக்கிறேன். பாடப்புத்தகத்தில் 'ஆம்ஃபோடெரிசின் பூஞ்சையின் சவ்வில் துளை போட்டுக் கொல்கிறது' என்று இருக்கிறது. இணையத்தில் ஒரு கட்டுரை அது தவறு, ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சுகிறது என்கிறது. தேர்வில் எதை எழுதுவது?

பதில்: தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டு, இடம் இருந்தால் ஸ்பாஞ்சையும் சேர்த்து எழுதுங்கள். விஷயத்துக்கு வருவோம், இந்த இதழுக்கு வந்ததில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

துளைக் கதை 1970களில் உருவானது. சுமார் எட்டு ஆம்ஃபோடெரிசின் மூலக்கூறுகள் எர்கோஸ்டிராலோடு சேர்ந்து சவ்வில் வட்டமாக நின்று நடுவில் ஒரு வாய்க்கால் அமைக்கின்றன, அதன் வழியாகப் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, செல் சாகிறது. பார்க்க அழகு, வரையச் சுலபம். மருந்து பட்ட செல்லிலிருந்து பொட்டாசியம் கசிவதையும் அளந்து காட்டினார்கள். அதனால் யாரும் பெரிதாகச் சந்தேகப்படவில்லை, தலைமுறை தலைமுறையாகப் புத்தகங்களில் அதே படம்.

ஆனால் ஒரு இடத்தில் உதைத்தது. பொட்டாசியம் கசிகிறது என்பதும் செல் சாகிறது என்பதும் சேர்ந்து நடந்தால், முதலாவதுதான் இரண்டாவதுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நாடமைசினை எடுத்துப் பார்த்தார்கள். அது எர்கோஸ்டிராலைப் பிடிக்கிறது, பூஞ்சையை ஒடுக்குகிறது, ஆனால் சவ்வில் துளை எதுவும் போடவில்லை. சரி, நாடமைசின் சிறிய மூலக்கூறு, அது வேறு மாதிரி என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாத ஆதாரம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பர்க் குழுவிடமிருந்து வந்தது. ஆம்ஃபோடெரிசின் மூலக்கூறில் ஒவ்வொரு தொகுதியாக வேதியியல் முறையில் நீக்கிப் பார்ப்பது அவர்கள் வழி. சொல்வதற்கு ஒரு வரி, செய்வது மலையைப் புரட்டுகிற வேலை, இந்த மூலக்கூறை முழுக்க ஆய்வகத்தில் கட்டி முடித்ததே 1987இல்தான், வேதியியலாளர் நிகோலாவின் குழு. 35ஆம் கார்பனில் உள்ள ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கினால் மருந்துக்கு வாய்க்கால் அமைக்கும் திறன் போய்விடுகிறது, எர்கோஸ்டிராலைப் பிடிக்கும் திறன் மட்டும் மிஞ்சுகிறது. அப்படிப்பட்ட மருந்தும் ஈஸ்டைக் கொன்றது. 2012இல் இது வெளியானது. மாறாக, மருந்தில் ஒட்டியிருக்கும் மைக்கோசமைன் என்ற சர்க்கரையை நீக்கினால் எர்கோஸ்டிராலைப் பிடிக்க முடிவதில்லை, கொல்லவும் முடிவதில்லை. ஆக, முக்கியமான வேலை துளை போடுவது இல்லை, பிடிப்பதுதான்.

2014இல் அதே குழு, மூலக்கூறுகள் எங்கே எப்படி இருக்கின்றன என்று காட்டும் என்எம்ஆர் ஆய்வுகளோடு அடுத்த படத்தைக் காட்டியது. மருந்தின் பெரும்பகுதி சவ்வுக்குள் நுழையவே இல்லை, வெளியே கூட்டமாகத் திரண்டு உட்கார்ந்துகொண்டு எர்கோஸ்டிராலைச் சவ்விலிருந்து உருவி எடுக்கிறது, ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சுவது போல. எர்கோஸ்டிரால் இல்லாமல் பூஞ்சையின் சவ்வில் எந்த வேலையும் ஒழுங்காக நடக்காது, செல் சாகிறது. முன்கூட்டியே எர்கோஸ்டிரால் ஊட்டி நிரப்பிவிட்ட மருந்துக்குக் கொல்லும் சக்தி குறைந்துபோனதையும் காட்டினார்கள்.

அப்படியானால் துளை பொய்யா? அதுவும் இல்லை. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏழு மூலக்கூறுகள் சேர்ந்து வாய்க்கால் அமைப்பதை அணு அளவில் விவரித்திருக்கிறார்கள். துளை உண்டு, ஸ்பாஞ்சும் உண்டு, கொலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் விவாதம். நான் ஸ்பாஞ்ச் கட்சி. ஏனென்றால் அந்த விளக்கம் ஒரு புது மருந்தைச் செய்துகாட்டியிருக்கிறது, கடைசிக் கேள்விக்கு முந்தைய பதிலில் வருகிறது. துளைதான் கொல்கிறது என்றால் விஷத்தையும் வேலையையும் பிரிப்பது கஷ்டம், இரண்டும் ஒரே துளைதானே. உருவுவதுதான் கொல்கிறது என்றால் எர்கோஸ்டிராலை மட்டும் உருவு, கொலஸ்டிராலை விட்டுவிடு என்று மூலக்கூறைத் திருத்த வழி பிறக்கிறது. ஒரு அழகான படத்தை நாற்பது வருடம் கேள்வி கேட்காமல் வைத்திருந்ததில் போன காலத்தை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

கேள்வி: வீட்டில் நிஸ்டாடின் கிரீம் இருக்கிறது. படர்தாமரைக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம், கேட்காது. நிஸ்டாடின் கேண்டிடா வகை ஈஸ்ட்டுக்கு. படர்தாமரையை உண்டாக்குவது டெர்மட்டோஃபைட் என்ற வேறு கூட்டம், அதற்கு டெர்பினஃபைன், அசோல் வகை கிரீம்கள் இருக்கின்றன. ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருந்தால் இன்னும் மோசம், அரிப்பு அடங்கும், தொற்று பரவும்.

கேள்வி: நிஸ்டாடின் மாத்திரை, சொட்டு மருந்து எல்லாம் இருக்கிறதே, ஆம்ஃபோடெரிசினையும் அப்படி வாய் வழியாகக் கொடுத்தால் இந்த டிரிப் வேதனை இருக்காதே?

பதில்: நிஸ்டாடினை வாயில் கொடுப்பதே அது உடம்புக்குள் போகாது என்பதால்தான்! குழந்தைகளின் நாக்கில் வரும் வெள்ளைப் படலம், குடலில் பெருகும் கேண்டிடா இவற்றைத் தொட்ட இடத்தில் கொல்லும், ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியேறிவிடும். ஊசியாகப் போடலாமா என்று முயன்றும் பார்த்தார்கள், நச்சுத்தன்மை தாங்கவில்லை. வாய்ப்படலத்துக்குக் கொடுத்தால் உடனே விழுங்கிவிடாமல் வாயில் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்வதும் இதனால்தான், படவேண்டிய இடத்தில் பட்டால்தானே வேலை.

ஆம்ஃபோடெரிசினுக்கும் அதே குணம், குடல் உறிஞ்சாது. தண்ணீரிலும் கரையாது, பித்த உப்பு ஒன்றைச் சேர்த்துத்தான் பழைய ஊசி மருந்தைத் தயாரித்தார்கள். ஆனால் உங்கள் யோசனையை ஆராய்ச்சியாளர்கள் விட்டுவிடவில்லை. கொழுப்புத் தாள் ஒன்றைக் கால்சியத்தின் உதவியால் சுருட்டி, சுருளுக்குள் மருந்தை வைத்து வாய் வழியாகக் கொடுக்கும் முறையை, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வந்த நோயாளிகளிடம் உகாண்டாவில் சோதித்திருக்கிறார்கள். முதல் முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. கடைக்கு வரும் நிலையில் இன்னும் இல்லை.

கேள்வி: செவிலியராக இருக்கிறேன். எங்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு கிலோவுக்கு 1 மில்லிகிராம், பக்கத்துப் படுக்கைக்கு 5 மில்லிகிராம், இரண்டுமே ஆம்ஃபோடெரிசின் பி என்கிறார்கள். ஏன் இப்படி?

பதில்: கவனித்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ், ஏனென்றால் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் உயிர் போயிருக்கிறது. முதலாவது, மேலே சொன்ன பித்த உப்பு (டியாக்சிகோலேட்) சேர்த்த பழைய மருந்து, இரண்டாவது லைப்போசோமில் அடைத்தது. பழையதை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கவே கூடாது, மீறினால் இதயம் நின்றுபோகலாம். லைப்போசோம் மருந்தின் வழக்கமான அளவோ 3 முதல் 5. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. குப்பியில் முழுப்பெயரையும் படித்து, இன்னொருவரையும் படிக்கச் சொல்லி, அப்புறம் ஏற்றுங்கள்.

லைப்போசோம் என்பது நம் செல்சவ்வில் இருப்பது போன்ற கொழுப்பால் ஆன உருண்டை, குறுக்களவு 100 நானோமீட்டருக்கும் கீழே. மருந்து அந்தக் கொழுப்புச் சுவரிலேயே பதிந்து கிடக்கும், பூஞ்சையைத் தொட்டபின் அதற்கு மாறும். வழியில் சிறுநீரகத்துக்குப் போகும் பங்கு குறைந்துவிடும். முழுக்க நின்றுவிடாது, குறையும். 1990களில் இது வந்தபிறகு ஆம்ஃபோடெரிசினின் வாழ்க்கையே மாறிவிட்டது என்று சொல்லலாம். விலை மட்டும் பழையதைவிடப் பல மடங்கு, மருந்து மிகவும் தேவைப்படும் இடங்களில் அதுவே பெரிய தடை.

அதிகம் கொடுக்க முடிகிறது என்றால் ஒரே தடவையில் கொடுத்து முடித்துவிடலாமே என்ற கேள்வி அடுத்து வந்தது. காலா அசார் என்ற கருங்காய்ச்சலை உண்டாக்கும் லீஷ்மேனியா பூஞ்சையே அல்ல, ஒட்டுண்ணி. ஆனால் அதன் சவ்விலும் எர்கோஸ்டிரால் வகை ஸ்டிரால்கள்தான், எனவே அதற்கும் இதே மருந்து. பீகாரில் 412 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 10 மில்லிகிராம் லைப்போசோம் மருந்தை ஒரே ஒரு தடவை ஏற்றியவர்களில் ஆறு மாதத்தில் 95.7 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். ஒரு மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பழைய மருந்தை ஏற்றிக்கொண்டவர்களில் 96.3 சதவீதம். அப்புறம் 2022இல் ஆம்பிஷன் ஆய்வு: ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகள், எச்ஐவியோடு கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலும் வந்தவர்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராம் லைப்போசோம் மருந்து ஒரே ஒரு தவணை, அதோடு இரண்டு வாரம் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் மாத்திரைகளாக. பத்து வாரத்தில் இறந்தவர்கள் 24.8 சதவீதம், ஒரு வாரம் தினமும் பழைய மருந்து ஏற்றிய வழக்கமான சிகிச்சையில் 28.7 சதவீதம். பக்கவிளைவும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் அதே வருடம் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. புது மூலக்கூறு எதுவும் இல்லாமல், பழைய மருந்தைக் கொடுக்கும் விதத்தை மட்டும் மாற்றிக் கிடைத்த பலன் இது.

கேள்வி: ஆன்டிபயாட்டிக்குகளுக்கு எல்லாம் எதிர்ப்பு வந்துவிட்டது என்கிறார்கள். இவ்வளவு பழைய ஆம்ஃபோடெரிசினுக்கு ஏன் அவ்வளவாக வரவில்லை?

பதில்: தப்பிக்க வேண்டுமானால் பூஞ்சை எர்கோஸ்டிராலைக் கைவிட வேண்டும், கைவிட்டால் அது பிழைப்பதே பெரும்பாடு. 2013இல் அமெரிக்க உயிரியலாளர் சூசன் லிண்ட்குவிஸ்டின் குழு ஆய்வகத்தில் அப்படி எதிர்ப்புப் பெற்ற கேண்டிடாவை உருவாக்கிப் பார்த்தது. காய்ச்சல் சூடு தாங்கவில்லை, வெள்ளை அணுக்களின் தாக்குதல் தாங்கவில்லை, நோய் உண்டாக்கும் திறனும் போய்விட்டது. மருந்திடமிருந்து தப்பி உடம்பிடம் மாட்டிக்கொள்கிறது.

ஆனால் இதை வைத்து நிம்மதியாகிவிட வேண்டாம். ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்ற பூஞ்சைக்கு இந்த மருந்து இயல்பிலேயே சரியாக வேலை செய்யாது. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் மேலே சொன்ன விதியை அவ்வளவாக மதிப்பதில்லை. அமெரிக்காவில் சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ 30 சதவீதம் ஆம்ஃபோடெரிசினுக்கு அடங்கவில்லை, மூன்று மருந்து வகைக்கும் அடங்காதவையும் உண்டு. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் இது முதல் வரிசையில் இருக்கிறது.

கேள்வி: பாலாடைக்கட்டி அட்டையில் இ235 என்று போட்டிருந்தது, தேடினால் நாடமைசின் என்கிறது. கண்ணில் விடும் மருந்தும் அதுவே என்கிறார்கள். சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம். மேல்தோலில் பூஞ்சை பூக்காமல் இருக்கத் தடவுகிறார்கள், உள்ளே இறங்குவது மிகக் குறைவு, குடலும் அதை உறிஞ்சுவதில்லை. உணவில் தினமும் கலந்தால் எதிர்ப்பு வளராதா என்று கேட்பவர்கள் உண்டு, அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன், ஆனால் பல பத்தாண்டு பயன்பாட்டுக்குப் பிறகும் அது பெரிய பிரச்சினையாக எழவில்லை. கண் விஷயம்தான் முக்கியம். கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தால் 5 சதவீத நாடமைசின் சொட்டு மருந்துதான் முதல் தேர்வு. புதிதாக வந்த வோரிகோனசோல் இதைத் தோற்கடிக்கும் என்று எதிர்பார்த்து, அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டன, முடிவு 2013இல் வெளியானது. பழைய நாடமைசினே ஜெயித்தது, குறிப்பாக ஃபியூசேரியம் பூஞ்சையில். வோரிகோனசோல் போட்டுக்கொண்டவர்களில் கருவிழி ஓட்டையாவதும் மாற்று அறுவை தேவைப்படுவதும் அதிகமாக இருந்தன.

கேள்வி: சிறுநீரகத்தைக் கெடுக்காத ஆம்ஃபோடெரிசின் எப்போது வரும்?

பதில்: தேதி சொல்ல முடியாது, வரிசையில் சில நிற்கின்றன. பர்க் குழு முதலில் மருந்தின் சர்க்கரையில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைத் திருத்தி, கொலஸ்டிராலைப் பிடிக்காத மூலக்கூறு ஒன்றைச் செய்தது. சிறுநீரகம் தப்பியது, ஆனால் சில பூஞ்சைகள் மேல் வீரியம் குறைந்துபோனது. எவ்வளவு பிடிக்கிறது என்பதோடு எவ்வளவு வேகமாக உருவுகிறது என்பதும் முக்கியம் என்று புரிந்து, எர்கோஸ்டிராலை வேகமாக உருவும்படி இன்னொரு இடத்தையும் திருத்தினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஏஎம்-2-19, 2023இல் வெளியானது. எலிகளிலும், ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் சிறுநீரகச் செல்களிலும் நச்சு தெரியவில்லை, பலதரப்பட்ட பூஞ்சைகளையும் கொல்கிறது. மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனைக்குப் போயிருக்கிறது. எலியில் சாதுவாக இருந்து மனிதனிடம் முரண்டு பிடித்த மருந்துகள் ஏராளம் என்பதால் இப்போதைக்கு நான் கைதட்டாமல் காத்திருக்கிறேன்.

நார்வேயில் வேறு வழி. நிஸ்டாடினைத் தயாரிக்கும் மரபணுத் தொகுப்பை 2000இல் முழுதாகப் படித்தார்கள், அதில் திருத்தம் செய்து பாக்டீரியாவையே வேறு பாலியீன் தயாரிக்க வைக்கிறார்கள். 2025இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்த மண்டிமைசின் இன்னும் விசித்திரம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பாக்டீரியா மரபணுத் தொகுதிகளைக் கணினியில் அலசி, மண்ணைத் தொடாமலே தேடிக் கண்டுபிடித்தது. பார்வைக்குப் பாலியீன், ஆனால் எர்கோஸ்டிராலைத் தொடுவதே இல்லை, பூஞ்சைச் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புகளைப் பிடிக்கிறது. ஆம்ஃபோடெரிசினுக்கு அடங்காத பூஞ்சைகளிடமும் வேலை செய்கிறது, எலிகளின் சிறுநீரகத்துக்குத் தீங்கு குறைவு. மனிதச் சோதனைக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

கேள்வி: பூஞ்சையே இல்லாத நோய்க்கும் ஆம்ஃபோடெரிசினை முயன்று பார்க்கிறார்களாமே?

பதில்: ஆமாம், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அந்த நோயில் நுரையீரல் செல்லின் சவ்வில் இருக்க வேண்டிய ஒரு அயனி வாய்க்கால் புரதம் பழுதாகியோ இல்லாமலோ போகிறது, காற்றுக்குழாய் நீர்மம் அமிலமாகி, கிருமிகள் குடியேறுகின்றன. புரதத்தைச் சரிசெய்யும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன, ஆனால் நோயாளிகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு அவை உதவுவதில்லை, சரிசெய்யப் புரதமே இருப்பதில்லை. ஆம்ஃபோடெரிசின் வாய்க்கால் அமைக்கும் அல்லவா, பூஞ்சையைக் கொல்வதற்கு அந்தத் திறன் தேவையில்லை என்று காட்டிய அதே பர்க், அதையே இங்கே பயன்படுத்தினார். ஆய்வகத்தில் வளர்த்த நோயாளிகளின் காற்றுக்குழாய்ச் செல்களில் மிகக் குறைந்த அளவு மருந்தை இட்டபோது பைகார்பனேட் வெளியேறத் தொடங்கியது, நீர்மத்தின் அமிலத்தன்மை குறைந்தது, எந்த மரபணுப் பிழையாக இருந்தாலும் பலன் ஒன்றுதான். பன்றிகளிலும் பார்த்துவிட்டு 2019இல் வெளியிட்டார்கள். அளவு கூடினால் உதவி நின்றுவிடுகிறது, அதனால் எவ்வளவு, எப்படி நுரையீரலுக்குள் அனுப்புவது என்பதில்தான் இப்போதைய வேலை.